தெளிவில்லாத ஷரத்து யார் தலையில் விடிகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பக்கம் கடை எடுப்பவர்களிடம் நீட்டப்படும் வாடகை ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ஆறேழு வரிக்கு ஒரே வாக்கியமாக ஓடும் அதன் சாரம் இது: "நியாயமான தேய்மானம் நீங்கலாகக் கட்டடத்தின் உட்புறத்தையும், கூரை, வடிகால், மின்கம்பி உள்ளிட்டவற்றையும், உரிமையாளர் எழுத்தில் கோரும்போது, வாடகைதாரர் நல்ல நிலையில் வைத்திருக்கவேண்டும்."

நாலு நாள் மழை பெய்து கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். தகரம் துருப்பிடித்துப்போனதால் வந்த ஒழுகல். செலவு யாருடையது? "நியாயமான தேய்மானம் நீங்கலாக" என்பது கூரைக்கும் சேர்த்துத்தான் என்றால் வாடகைதாரர் தப்பித்தார். உட்புறத்துக்கு மட்டும் என்றால் புதுத் தகரத்துக்கு அவர்தான் பணம் கட்டவேண்டும். "எழுத்தில் கோரும்போது" என்பது எதைத் தொடர்கிறது? உரிமையாளர் ஐந்து ஆண்டு வாயே திறக்காமல் இருந்துவிட்டு, காலி செய்யும் வாரத்தில் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்கலாமா? "நல்ல நிலை" என்றால் சாவி வாங்கிய அன்று இருந்த நிலையா, புதுக் கட்டடத்தின் நிலையா? ஒரு கேள்விக்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் முன்பணத்தைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதுதான் பதிலாகிவிடுகிறது. வழக்குப் போட்டு விளக்கம் கேட்கும் செலவு முன்பணத்தைவிடப் பல மடங்கு என்பது இருவருக்குமே தெரியும்.

அதே விஷயத்தை இப்படியும் எழுதலாம்: "உட்சுவர், தரை, கதவு, பூட்டு ஆகியவற்றை வாடகைதாரர் பராமரிப்பார். கூரை, வெளிச்சுவர், வடிகால், மின் இணைப்பு ஆகியவற்றை உரிமையாளர் பராமரிப்பார். பழுதை வாடகைதாரர் எழுத்தில் தெரிவித்த 10 வணிக நாட்களுக்குள் உரிமையாளர் வேலையைத் தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் வாடகைதாரரே செய்து, ரசீதைக் காட்டி, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம்." யார், எதை, எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. எந்த ஷரத்தையும் இந்த நான்கையும் கேட்டே படிக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

புரியும்படி எழுதிக்கொடுங்கள் என்று கேட்பது தென்னாப்பிரிக்காவில் சட்டம் தந்த உரிமை. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு எளிய மொழிக்கு அளவுகோலையே வகுத்திருக்கிறது. அந்த ஆவணம் எந்த வகை மக்களுக்காக எழுதப்பட்டதோ அவர்களில், சராசரி எழுத்தறிவும் நுகர்வோராக மிகக் குறைந்த அனுபவமும் உள்ள ஒருவர், அதிக முயற்சியின்றிப் புரிந்துகொள்ளக்கூடியதாக இருக்கவேண்டும். சொற்கள், வாக்கிய அமைப்பு, தலைப்புகள், பக்க ஒழுங்கு எல்லாமே கணக்கில் வரும். 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஆவணத்தில் உள்ள இருபொருள் தரும் வாசகத்தை நுகர்வோருக்குச் சாதகமாகப் பொருள்கொள்ளச் சொல்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஷரத்துகளை 49ஆம் பிரிவு தனியாகப் பிடிக்கிறது: அவை கண்ணில் படும்படி இருக்கவேண்டும், பணம் கட்டுவதற்கு அல்லது ஒப்பந்தத்தில் இறங்குவதற்கு முன்பே அவற்றைச் சுட்டிக்காட்டவேண்டும், படித்துப் பார்க்கப் போதிய அவகாசமும் தரவேண்டும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2008இல், பழுதுபார்க்க விட்ட கார் திருட்டுப்போன வழக்கொன்றில், படிவத்தில் மறைந்துகிடந்த "உரிமையாளர் பொறுப்பில்" என்ற வாசகத்தை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சுட்டிக்காட்டவில்லை என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

ஒரு எச்சரிக்கை. கடையைத் தனிநபர் பெயரில் நடத்தினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். கம்பெனியாகப் பதிந்து, சொத்து மதிப்போ ஆண்டு விற்றுமுதலோ 20 லட்சம் ராண்டை எட்டிவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இருதரப்புமே கம்பெனிகள் என்றால், 20 வணிக நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்க இடம்தரும் 14ஆம் பிரிவு அளவு எதுவானாலும் பொருந்தாது. ஒப்பந்தத்தை யார் பெயரில் போடுவது என்பதை இதை யோசித்த பிறகே முடிவுசெய்யுங்கள்.

நாள் கணக்கில் நடக்கும் குளறுபடி தனி ரகம். "10 நாட்கள்" என்று தாளில் இருக்கும். எந்த நாட்கள் என்று இருக்காது. 2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை உங்கள் கையில் ஒரு தாள் வந்து சேர்கிறது. 1957ஆம் ஆண்டின் பொருள்விளக்கச் சட்டப்படி முதல் நாளை விட்டுக் கடைசி நாளைச் சேர்த்து எண்ணினால் 10ஆம் நாள் டிசம்பர் 22. அதே தாள் தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவு நோட்டீஸ், அதாவது தவணை தவறியவர்மேல் வழக்குப் போடும் முன் கடன் தந்தவர் அனுப்பும் நோட்டீஸ் என்றால், கணக்கு வணிக நாட்களில். சனி, ஞாயிறு கழியும். 16, 25, 26 ஆகிய விடுமுறைகளும் கழியும். 10ஆம் நாள் டிசம்பர் 31. உயர் நீதிமன்றத்தின் சம்மன் என்றால் எதிர்வாதம் செய்யப்போவதாகத் தெரிவிக்க 10 நீதிமன்ற நாட்கள் (இங்கும் சனி, ஞாயிறு, விடுமுறைகள் கழியும்). டிசம்பர் 16 முதல் ஜனவரி 15 வரையிலான நாட்களை அந்த விதி எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை, ஆக 10ஆம் நாள் 2026 ஜனவரி 28. ஒரே எண், மூன்று தேதிகள். எதற்கும் கிட்டத்திலுள்ள தேதியையே கடைசி நாளாக வைத்து வேலையை முடியுங்கள். நீங்களே ஒப்பந்தம் எழுதினால் "நாள்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்.

தனியார் எழுதும் தாள்கள்தான் இப்படி, நாடாளுமன்றம் எழுதுவது ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். மேலே சொன்ன கடன் சட்டத்தையே (2005ஆம் ஆண்டின் 34ஆம் எண்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரைவில் பிழைகளும் முரண்களும் மலிந்திருப்பதால் பொருள்காண்பதே பெரும்பாடு என்று 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பில் பதிந்தது. 129ஆம் பிரிவில் கடன் தந்தவர் நோட்டீஸைத் தெரியப்படுத்தவேண்டும் என்று இருக்கிறது, 130ஆம் பிரிவில் அது "டெலிவர்" ஆகியிருக்கவேண்டும் என்று இருக்கிறது. எது நடந்தால் டெலிவரி என்று சட்டம் முதலில் வரையறுக்கவில்லை. பதிவுத் தபால் தவறான தபால் நிலையத்துக்குப் போய்விட்டால்? சரியான நிலையத்துக்கு வந்தும் கடன்பட்டவர் போய் வாங்காவிட்டால்? முதல் கேள்விக்கு 2012இலும் இரண்டாவதற்கு 2014இலும் அரசியலமைப்பு நீதிமன்றம் விடை சொல்லவேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு வரையறை எழுதியிருந்தால் பல குடும்பங்கள் வீட்டை ஏலத்துக்கு விடுவார்களோ என்ற பயத்தில் நீதிமன்றப் படி ஏறியிருக்கவேண்டாம். இதை எத்தனை முறை எண்ணிப்பார்த்தாலும் மனம் ஆறவில்லை. 2014இன் திருத்தச் சட்டம்தான் பதிவுத் தபால், அல்லது கடன்பட்டவர் குறித்துக்கொடுத்த இடத்தில் வயதுவந்த ஒருவரிடம் ஒப்படைத்தல் என்று வழிகளைச் சொன்னது. எந்த வழி வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவிக்கும் உரிமை கடன்பட்டவருக்கு. வீடு மாறியதும் முகவரி மாற்றத்தை வங்கிக்கு எழுதித் தெரிவிப்பது இதனால்தான் முக்கியம்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். நம்மவர்களுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் (டர்பன் இருக்கும் பகுதி) 1897ஆம் ஆண்டு 18ஆம் எண் வணிகர் உரிமச் சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்றது அது. மறுத்தால் அவரை நியமித்த நகரசபையிடமே முறையிடவேண்டும். அதற்குமேல் நீதிமன்றத்துக்கு வழியில்லை. கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை. இலக்கணப்படி பார்த்தால் வாசகம் தெளிவுதான். எதை வைத்து முடிவெடுப்பது என்ற அளவுகோல் மட்டும் அதில் இல்லை. அடி முழுவதும் விழுந்தது இந்தியக் கடைக்காரர்கள்மேல்.

இன்றைய அரசியலமைப்பின்கீழ் அப்படி எழுதமுடியாது. அதிகாரிக்கு வழிகாட்டும் அளவுகோல் இல்லாமல் உரிமைகளைப் பாதிக்கும் பரந்த அதிகாரத்தைக் கொடுப்பது செல்லாது என்று 2000இல் குடியேற்ற அனுமதி வழக்கொன்றில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நிபந்தனைத் தாள்களில் "அதிகாரி திருப்தியடையும் வகையில் காற்றோட்டம் அமைக்கவேண்டும்" போன்ற வரிகள் இன்னும் வருகின்றன. இதை அப்படியே ஏற்றுக்கொண்டு புகைபோக்கி வாங்கப் போகாதீர்கள். எந்த விதி, எந்த அளவு, எந்தத் தேதிக்குள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்தபின் செலவு செய்யுங்கள். வாயால் சொன்ன அளவை அடுத்து வரும் ஆய்வாளர் ஒப்புக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டேக்அவே கடையை நடக்கும் நிலையில் வாங்குகிறவர்கள் இன்னொரு வரியில் கவனமாக இருக்கவேண்டும்: "எல்லா உரிமங்களுடனும் விற்கப்படுகிறது." உணவு விடுதிகளுக்கான ஏற்புச் சான்றிதழ் 2018ஆம் ஆண்டின் ஆர் 638 விதிகளின்கீழ் ஒருவருக்கும் ஓரிடத்துக்கும் மட்டுமே வழங்கப்படுவது, கை மாற்றமுடியாது. விற்பவரால் கொடுக்கவே முடியாத ஒன்றுக்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, வாங்குபவர் பெயரில் புதிய சான்றிதழ் இன்ன தேதிக்குள் கிடைத்தால்தான் விற்பனை நடைமுறைக்கு வரும், கிடைக்காவிட்டால் முன்பணம் இத்தனை வணிக நாட்களுக்குள் திரும்பும் என்று எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பிப்பது யார் வேலை என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

உரிமம் மறுக்கப்பட்டுக் காரணம் சொல்லப்படவில்லை என்றால், நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேளுங்கள். அவர்களுக்கும் 90 நாள் அவகாசம் உண்டு. பதிலே இல்லாவிட்டால், சட்டம் குறிப்பிடும் சில விலக்குகள் நீங்கலாக, தக்க காரணம் இல்லாமல் எடுத்த முடிவு என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், மறுதரப்பு வேறுவிதமாக நிரூபிக்கும்வரை. முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் போடும் மறுஆய்வு மனுவுக்கு அதிகபட்சம் 180 நாள். அந்த நிர்வாகத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வழி இருந்தால் முதலில் அதை முடிக்கவேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு மதிக்கப்படவேண்டிய சமூக மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் கடன் சட்டத்தின் 63ஆம் பிரிவு தரும் மொழியுரிமை ஆட்சிமொழிகளுக்குத்தான், தமிழ் அதில் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்திடும்போது ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லிக்காட்ட ஒருவர் கூட உட்காருவது நல்லது.

கடைசியாக, பெரும்பாலான ஒப்பந்தங்களின் முடிவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் வரி: "இருதரப்பும் எழுத்தில் கையொப்பமிட்டால் அன்றி எந்த மாற்றமும் செல்லாது." 1964 முதலே நம் நீதிமன்றங்கள் இதைக் கண்டிப்பாகவே நடைமுறைப்படுத்துகின்றன. "அதெல்லாம் சும்மா போட்டிருக்கு, நாங்க அப்படிக் கேக்கமாட்டோம்" என்று ஏஜென்ட் சொன்னால், மரியாதையாகவே சொல்லுங்கள்: அப்படியானால் அடித்துவிடலாமே. வரியைக் கோடிட்டு அடித்து, புது வாசகத்தை ஓரத்தில் எழுதி, தேதியிட்டு, இருவரும் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் இடவேண்டும். ஒருவர் பிரதியில் மட்டும் திருத்தினால் போதாது, எல்லாப் பிரதிகளிலும் வேண்டும். நுகர்வோர் சட்டம் பொருந்தும் இடங்களில் எழுத்திலான ஒப்பந்தத்தின் பிரதியை இலவசமாகத் தரவேண்டியது, அல்லது மின்வழியில் இலவசமாகப் பெற வகைசெய்யவேண்டியது 50ஆம் பிரிவுப்படி அவர்கள் கடமை. அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள்.