வந்தியத்தேவனுக்கு எந்த நான்கெழுத்து?

காட்பாடியில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சார், வந்தியத்தேவன் ஈ.என்.எஃப்.பி.யா, ஈ.எஸ்.டி.பி.யா? எங்க ஹாஸ்டல்ல ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு ராத்திரி ராத்திரி சண்டை. அறிவியல் என்ன சொல்லுது?”

ஒருவருடைய குணத்தை நான்கு ஆங்கில எழுத்தில் சொல்லும் எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ்) என்ற ஆளுமைத் தேர்வின் இரண்டு வகைகள் இவை. இந்தச் சண்டை நம் பக்கத்தில் நடப்பது ரொம்பப் பொருத்தம். அவன் வாணர் குலத்தவன். வாணர்களின் பழைய தலைநகரான திருவல்லம், காட்பாடிக்கும் வாலாஜா ரோடுக்கும் நடுவே பொன்னையாற்றங்கரையில்தான் இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டு அவனைக் குந்தவையின் கணவன் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அவனுடைய குணம் என்று நாம் நினைப்பதெல்லாம் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் கல்கி கொடுத்தது. ஆகவே சாட்சி அந்த ஐந்து பாகங்கள் மட்டுமே.

இந்த நான்கெழுத்து முறை எப்படி வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1921-ல் கார்ல் யுங் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு கேதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் ஒரு வினாத்தாள் செய்தார்கள். கலகலப்பா (ஈ), தனிமையா (ஐ)? கண்ணெதிரே இருப்பதை நம்புவதா (எஸ்), உள்ளுணர்வையா (என்)? தலையால் முடிவெடுப்பதா (டி), மனசாலா (எஃப்)? திட்டமிடுவதா (ஜே), போகிற போக்கில் பார்ப்பதா (பி)? நான்கு கேள்விக்கும் இரண்டிரண்டு விடை. ஆக 16 வகை.

இப்போது ஹாஸ்டல் வழக்கைப் பாருங்கள். முதல் எழுத்திலும் கடைசி எழுத்திலும் இரு கட்சிக்கும் தகராறே இல்லை. குடந்தை சோதிடர் வீட்டில் தடுத்த சீடனை மீறி உள்ளே நுழைகிறவனைத் தனிமை விரும்பி என்றோ திட்டமிட்டு நடப்பவன் என்றோ யார் சொல்வார்கள்? சண்டை நடு இரண்டு எழுத்துக்குத்தான். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையை மெல்ல விட்டுக் கனவு கண்டபடி வருகிறானே, அது உள்ளுணர்வு என்கிறது ஒரு கட்சி. தஞ்சை அரண்மனையில் சுந்தர சோழரிடம் “அபாயம்” என்று எச்சரித்துவிட்டு, பழுவேட்டரையர் மடக்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதை “அபயம்” என்று மாற்றிச் சமாளிக்கிறானே, அது கண்முன் இருப்பதைக் கையாளும் புத்தி என்கிறது மற்றது. இரண்டு சாட்சியும் சரியானவை. அப்படியானால் ஏன் தீர்ப்பு வரவில்லை?

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மனிதர்கள் உண்மையிலேயே இரண்டு ரகம் என்றால், ஆயிரம் பேரின் மதிப்பெண்ணை வரைபடமாகப் போட்டால் இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் தெரிய வேண்டும். வருவதோ ஒரே மேடு. பெரும்பாலோர் நடுவில், ஓரங்களில் சிலர். மெக்ரே, கோஸ்டா என்ற இரு உளவியலாளர்கள் 1989-ல் இந்த வினாத்தாளை ஆராய்ந்து, தனித்தனி வகைகள் என்பதற்கு ஆதாரமில்லை, இருப்பவை தொடர்ச்சியான நான்கு அளவுகோல்களே என்றார்கள். அந்த மேட்டின் உச்சியில், கூட்டம் அதிகமாக நெருக்கும் இடத்தில், ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று கொடுக்கிறோம்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் 35 என்று கோடு போடுகிறார்கள். 34 வாங்கியவனுக்கும் 35 வாங்கியவனுக்கும் அறிவில் என்ன வித்தியாசம் என்று எல்லா வீட்டிலும் ஆதங்கப்படுவார்கள். ஆனால் வகுப்பில் அந்தக் கோட்டருகே நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கோட்டை வகுப்பின் சராசரியிலேயே போட்டால்? பாதி வகுப்பு கோட்டை ஒட்டியே நிற்கும். அன்றைக்குத் தலைவலி வந்திருந்தால் இந்தப் பக்கம், காபி குடித்துவிட்டு எழுதியிருந்தால் அந்தப் பக்கம்.

இதைக் கணக்காகவே போடலாம். ஒரே ஆட்கள் ஒரே தேர்வை இரண்டு முறை எழுதுகிறார்கள். இரு மதிப்பெண்களுக்கும் உள்ள ஒட்டுறவு (correlation; தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1) 0.9 என்று வைத்துக்கொள்வோம். குணத்தை அளக்கும் வினாத்தாளுக்கு அது மிக நல்ல மதிப்பு. கோடு நட்டநடுவில் இருந்தால், ஒருவர் இரண்டு முறையும் ஒரே பக்கம் விழும் வாய்ப்புக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஒட்டுறவின் நேர்மாறு சைனை ரேடியனில் எடுத்து, பையால் (π) வகுத்து, அரையைக் கூட்ட வேண்டும். 0.9-க்கு நேர்மாறு சைன் சுமார் 1.12. பையால் வகுத்தால் 0.356. அரையைக் கூட்டினால் 0.856. ஓர் எழுத்து மாறாமலிருக்க 100-க்கு 86 வாய்ப்பு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எழுத்து நான்கு. அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 0.856-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். வருவது 0.54.

அதாவது, அவ்வளவு நல்ல அளவுகோலை வைத்துக்கொண்டும் 100 பேரில் 46 பேர் அடுத்த முறை வேறு வகை ஆகிவிடுவார்கள்! யாருடைய குணமும் மாறவில்லை. கையிலிருந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டதன் விலை இது. மறுதேர்வு ஆய்வுகளிலும், சில வாரங்களுக்குள்ளேயே பாதிப் பேர் வரை வகை மாறியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியல் மனித மனத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

வந்தியத்தேவன் விஷயத்தில் தேர்வு எழுதுவது அவனல்ல, படிக்கும் நீங்கள். யார் எந்தக் காட்சியை நெஞ்சில் வைத்திருக்கிறாரோ, அந்தப் பக்கம் அவனைத் தள்ளுகிறார். முதலெழுத்தில் அவன் கோட்டுக்கு வெகு தூரத்தில் நிற்கிறான். எவ்வளவு தள்ளினாலும் பக்கம் மாறாது. நடு எழுத்துகளில் கோட்டின் மேலேயே நிற்கிறான்.

பிறகு ஏன் அந்த நான்கெழுத்து விவரணையைப் படித்ததும் “அப்படியே நான்தான்” என்று தோன்றுகிறது? 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ‘உன் முடிவு’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், அதுவும் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பு ஐந்துக்கு 4.26. ராசிபலனும் இப்படித்தான் பலிக்கிறது. ராசி பார்த்து வரன் தட்டுவது தவறென்று சொல்லும் படித்த பிள்ளைகள், நான்கெழுத்து பார்த்து ஆளைத் தட்டக் கூடாது. இந்த வினாத்தாளை வெளியிடுபவர்களே வேலைக்கு ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள்.

ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது ஐந்து அளவுகோல் முறையை. அதன் வேர் அகராதியில் இருக்கிறது. 1936-ல் ஆல்போர்ட், ஓட்பர்ட் இருவரும் ஆங்கில அகராதியைத் துழாவி, மனிதரை வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் சுமார் 18,000 எடுத்தார்கள். எந்தச் சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டபோது ஐந்து கொத்து திரண்டது. அதே 1936-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக நிறைவு பெற்றது. லட்சத்துக்கும் மேல் சொற்கள்! துடுக்கு, வெகுளி, கமுக்கம், கறார், அழுத்தம், சூது, வாது என்று எவ்வளவு கிடக்கிறது. இவற்றை வைத்துத் தமிழர்களே தமிழர்களை மதிப்பிட்டால் ஐந்து கொத்து வருமா, ஆறா, ஏழா? இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சில நூறு பேர், ஒரு கணினி, பொறுமையான இரண்டு ஆய்வு மாணவர்கள் போதும். இதற்கு நிதி ஒதுக்குவது வீண் என்று யாராவது சொன்னால் நான் கடுமையாக மறுப்பேன்.

ஹாஸ்டல் நண்பர்களுக்கு என் யோசனை: வாதத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு தாளில், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், ஐந்து அளவுகோலிலும் அவனுக்கு 100-க்கு மதிப்பெண் போடுங்கள். பிறகு சராசரி எடுங்கள். மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் தாள் இது: கலகலப்பு 92, புதுமை நாட்டம் 75, இணக்கம் 60, பதற்றம் 25, பொறுப்புணர்ச்சி 55. கடைசி எண்ணில்தான் உங்கள் தாள்கள் அதிகம் சிதறும் என்பது என் கணிப்பு. ஓலையை உயிராகக் காப்பாற்றுகிறவனும் அவன்தான், வழியில் கிடைக்கிற எல்லா வம்பிலும் தலையை நுழைக்கிறவனும் அவன்தான்.