தண்ணீர் கலங்கினால் தொட்டியைக் கழுவாதீர்கள்

சென்ற வாரமும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் கடல்மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டி பால்வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் 300 லிட்டரையும் வாளி வாளியாக இறைத்துக் கொட்டுகிறார். பாறைகளைக் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்க்கிறார். மணலை அலசுகிறார். உப்பு கரைந்தும் கரையாததுமாகப் புதுத் தண்ணீரை ஊற்றுகிறார். மாலையில் தொட்டி பளபளக்கிறது. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புகிறார். புதன்கிழமை எனக்கு அழைப்பு வருகிறது: “சார், தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?”

சென்னையில் கடல்மீன் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். கலங்கிய தண்ணீரால் செத்த மீன்களைவிட, கலங்கலைப் போக்கப் போய்ச் செத்த மீன்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கலங்கல் என்றால் அழுக்கு, அழுக்கென்றால் கழுவ வேண்டும். கோல்ட்ஃபிஷ் தொட்டியை வாரம் தவறாமல் கழுவிப் பழகிய கைக்கு வேறெதுவும் தோன்றுவதில்லை. கடல் தொட்டியில் மீன் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை ஐயா! பாறைகளின் துளைகளிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மாதக்கணக்கில் வளர்ந்த அந்தக் கூட்டத்தைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரத்தில் தேய்த்து ஒழித்துவிடுகிறீர்கள். மீனோ வழக்கம்போலச் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. தெளிந்த தண்ணீரில் அது ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியாது. அதிலும் பி.எச். 8.2 இருக்கும் கடல்நீரில் அதன் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல். தெளிவு வேறு, தூய்மை வேறு என்று எத்தனை வீட்டில் சொல்வது?

தண்ணீரை வெளுக்கச் செய்யும் பாக்டீரியா வேறு இனம். பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் நத்தை, அள்ளிப் போட்ட உறைந்த இறால், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைக் குறைக்க பாக்டீரியாவுக்கு உணவாக விடுகிறேன் என்று அளவு தவறி ஊற்றிய வோட்கா (ஆம், அந்த வோட்காதான், துளிக்கணக்கில் விட வேண்டியதை மூடிக்கணக்கில் விட்டவர்களும் உண்டு) என்று ஏதோவொரு தீனி மிகுந்துபோனதால் அது பெருகியிருக்கிறது. தீனியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றினால் மறுநாளே மீண்டும் கலங்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் மாற்றுவார்கள்.

இன்னொரு வகை வைத்தியர்களும் இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டை தேய்த்த ஊர் நம்முடையது, மறுக்கவில்லை. அதற்காகப் பவளத் தொட்டியில் படிகாரத்தைப் போடாதீர்கள். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். அது தண்ணீரின் காரத்தன்மையையும் தின்னும். லெதர் கோரல் போன்ற மென்பவளங்களையும் சுருங்க வைக்கும்.

வாளியைத் தேடுவதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரைத் தேடுங்கள். தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி, கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்மை மேலேறி ஓரிரு நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் காற்றுக்குமிழி. பம்பு எங்கோ காற்றை இழுக்கிறது, சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) நீர்மட்டத்தைப் பாருங்கள். மாவுபோல அடியில் படிந்தால் மணல் தூசியாகவோ சுண்ணாம்பாகவோ இருக்கலாம். புது மணல் போட்டிருந்தால் பொறுத்திருங்கள், அடங்கிவிடும். பவளத்துக்காக விடும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டி (காரத்தன்மை) கரைசலையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கால்சியம் கார்பனேட். ஹீட்டரைத் தடவினால் சொரசொரவென்று வெள்ளை ஏடு கையில் படும். இரண்டையும் உடனே நிறுத்துங்கள், ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். இயற்கைக் கடல்நீரிலேயே அது 7 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவுதான், 12, 13 என்று ஏற்றி வைத்துக்கொண்டு சுண்ணாம்பு கொட்டுகிறதே என்று புலம்பக் கூடாது. பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. டம்ளரை எவ்வளவு நேரம் வைத்தாலும் படியாமல், மேலேறாமல், அப்படியே மங்கலாக நின்றால் பெரும்பாலும் அது பாக்டீரியா.

அந்தக் கடைசி வகையில்தான் அவசரம் வேண்டும். வாளிக்கு அங்கும் வேலையில்லை, காற்றுக்குத்தான் வேலை. நன்னீரில் 25 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் 7 கூடக் கிடையாது. சூடு ஏற ஏற அதுவும் குறையும். பெருகிய பாக்டீரியா அதையும் உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் விளக்கணைந்த பின் பாசியும் பவளமும் மூச்சுவிடுமே தவிர ஆக்சிஜன் தருவதில்லை. விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது இதனால்தான். எனவே ஏர் பம்பைப் போடுங்கள், நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரை நிறுத்தாதீர்கள், தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பவர்ஹெட்டைத் தண்ணீரின் மேற்பரப்பு கலையும்படி திருப்புங்கள். தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்கள். மீன் பட்டினியால் சாகாது. மீன்களை எண்ணுங்கள், நத்தைகளை எண்ணுங்கள். காணாமல் போனதைத் தேடி எடுங்கள். நாற்றமெடுத்த நத்தை ஓடு ஒன்று போதும், சிறு தொட்டி முழுவதையும் வெளுக்க வைக்க. அமோனியாவைச் சோதியுங்கள், தெரிந்தால் மட்டும் 15, 20 சதவீதத் தண்ணீரை, ஒரே உப்பளவும் ஒரே வெப்பமும் பார்த்து மாற்றுங்கள். மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் புற ஊதா விளக்கு இருந்தால் ஓடவிடலாம், ஆனால் நத்தையை அது எடுத்துத் தராது.

மழைக்காலத்தில் கேனில் கடல்நீர் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. நவம்பர், டிசம்பரில் கூவமும் அடையாறும் என்னென்னவெல்லாம் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் கரையோரத் தண்ணீரின் உப்பளவும் இறங்கிவிடும். செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு 35 கிராம் உப்பளவு வரும்வரை. தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வாளியிலேயே சுண்ணாம்பு பிரிந்துவிடும்.

தொழில்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. “மன்னார் வளைகுடாப் பவளம், மலிவாகத் தருகிறேன்” என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். தொட்டி முழுவதையும் இழப்பதைவிட அது மலிவு. என்னையோ வேறு யாரையோ அழைக்கும் முன் உப்பளவு, வெப்பம், ஆல்கலினிட்டி, அமோனியா இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தொட்டிக்குக் கடைசியாக எதை, எப்போது ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், வோட்கா உட்பட.