பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்களா? ஆதாரைத் தேடாதீர்கள், பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "அக்கா, தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சும்மா விசாரிச்சிட்டு விட்டுடறோம்னாங்க. காலையில போனவன்."

தாராவியில் சிறார் வழக்குகளைப் பற்றிச் செய்தி எழுத ஆரம்பித்த பிறகு என் நம்பர் கிராஸ் ரோடு, 90 அடி ரோடு எல்லாம் சுற்றுகிறது. நான் வக்கீல் இல்லை. லாபநோக்கில்லாத ஒரு சின்னச் செய்தி நிறுவனத்தில் நிருபர். ஆனால் டோங்ரி சிறார் இல்ல வாசலில் காத்திருந்த நாட்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சட்டம் பையன் பக்கம் இருக்கிறது. முதல் ராத்திரியிலேயே நாம் அதைக் கோட்டை விடுகிறோம்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015. 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது, 2021-ல் திருத்தினார்கள். சம்பவம் நடந்த அன்று 18 வயது முடியாதவர் யாராக இருந்தாலும் இந்தச் சட்டம்தான். வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம், நம் ஆட்கள் 'போர்டு' என்பது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். தாராவிக்காரர்களுக்கு அது டோங்ரியில். சயானில் ஸ்லோ வண்டி ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கினால் நடந்தே போகலாம். (1882-ல் திலகரை அடைத்து வைத்திருந்த பழைய ஜெயில்தான் இன்று பிள்ளைகள் இருக்கும் இடம். அந்தச் சுவரைப் பார்த்தே பாதித் தாய்மார்கள் அழுதுவிடுவார்கள்.) பின்னணி இவ்வளவு போதும்.

முதல் ராத்திரி

பையனைப் பிடித்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் போர்டு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும்தான் கழிவு. லாக்கப்பில் வைக்கவே கூடாது, ஜெயிலுக்கு அனுப்பவே கூடாது. கை விலங்கு கூடாது. யூனிஃபார்ம் போட்ட போலீஸ் கையாளக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவன் கையெழுத்து வாங்கக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

நடப்பது வேறு. பையன் லாக்கப்பில் இருக்க மாட்டான், பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். "நாங்க பிடிக்கவே இல்லையே, விசாரணைக்குத்தான் வந்திருக்கான்" என்பார்கள். அந்தப் பெஞ்சில் ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி போகும். அதன் பிறகு காகிதத்தில் 'இன்று மாலை 6 மணிக்குப் பிடிபட்டான்' என்று எழுதுவார்கள். நீங்கள் காலை பத்து மணி என்று சொன்னால் ஆதாரம் கேட்பார்கள்.

ஆகவே முதலில் நேரத்தைப் பதியுங்கள். பையனைக் கூட்டிப் போன உடனே, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, யார் கூட்டிப் போனார்கள் என்று இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுங்கள். சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் இலவசம். கூப்பிட்டால் அந்த அழைப்பு உங்கள் போனில் நேரத்தோடு பதிவாகிவிடும். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

"இன்னிக்கு போர்டு கிடையாது, திங்கக்கிழமைதான்" என்று ஒரு வசனம் வரும். நம்பாதீர்கள். குழுமம் கூடாத நாளில் அதன் ஒரே ஓர் உறுப்பினர் முன்பு பையனை நிறுத்தினாலே போதும் என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. லீவு நாள் என்பது அவர்கள் வசதி.

இன்னொன்று, மொபைல் திருட்டு. இங்கே நான் பார்க்கும் வழக்குகளில் இதுதான் அதிகம். திருட்டுக்கும் பறிப்புக்கும் அதிகபட்சத் தண்டனை மூன்று வருஷம், அதனால் இந்தச் சட்டத்தில் இவை 'சிறு குற்றம்'. கூட வயது வந்த ஆள் யாரும் இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். போடவே தேவையில்லை, ஸ்டேஷன் டைரியில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு போர்டுக்கு அனுப்பினால் போதும். பையன் வீட்டிலிருந்தே வரலாம். 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. அப்படி நடந்ததை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

வயது என்னும் பொறி

சென்ற வருஷம் ஓர் அம்மா பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, பையனின் சின்ன வயசுப் போட்டோ எல்லாம் வைத்துக்கொண்டு நின்றார். போலீஸ் பதிவில் பையனுக்கு 19. நேராகப் பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அம்மா நீட்டியதெல்லாம் உண்மை. ஒன்றுமே அன்றைக்கு உதவவில்லை.

94-ஆம் பிரிவு மூன்றே மூன்றைத்தான் சொல்கிறது, அதுவும் வரிசையாக. முதலில் பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. ஆதார் வயதுக்கு அத்தாட்சி ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. நம் வீடுகளில் எல்லோருக்கும் ஆதாரில் ஜனவரி 1 பிறந்தநாள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வரிசையை இன்னொரு முறை படியுங்கள். பள்ளிக்கூடம் முன்னால், பிறப்புச் சான்றிதழ் பின்னால். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று ஜூன் மாதத் தேதி ஒன்றைச் சொல்லி ஒரு வருஷம் கூட்டிச் சேர்த்தோமே, அந்தப் பொய் இங்கே வந்து கடிக்கும். ஊர்ப் பஞ்சாயத்துச் சான்றிதழில் 17, பள்ளிப் பதிவேட்டில் 18 என்றால் பதிவேடுதான் முதலில் பேசும். இப்படி இருந்தால் முதல் நாளே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு நின்ற பையன்கள் நிறைய. எல்.சி.யை, அதாவது பள்ளியை விட்டு விலகும்போது தரும் சான்றிதழை, யாரும் போய் வாங்கியிருக்க மாட்டார்கள். இப்போது போனால், "ஹெட்மாஸ்டர் மீட்டிங்ல இருக்கார்", "பழைய ரெஜிஸ்டர் வார்டு ஆபீஸ்ல இருக்கு", "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க". எல்.சி. வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளியின் மாணவர் பதிவேடான ஜெனரல் ரெஜிஸ்டரில் பையன் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலைக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பதிவேட்டை வரவழைக்கும்படி போர்டையே கேட்கலாம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்த பிள்ளை என்றால் அதே நாள் ஊரில் ஒருவரைப் பஞ்சாயத்துக்கு அனுப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

எலும்புச் சோதனைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அது ஓரிரு வருஷம் முன்பின் காட்டும். காகிதம் இருக்கிறது என்றால் சோதனையே தேவையில்லை.

பிடிபட்ட அன்று 18 ஆகிவிட்டது என்பது கணக்கே இல்லை. சம்பவத்தன்று என்ன வயது என்பதுதான் கேள்வி. 'நான் அப்போது சிறுவன்' என்ற வாதத்தை எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம்.

ஜாமீன்

சிறாருக்கு பெயிலபிள், நான்-பெயிலபிள் வித்தியாசம் கிடையாது. 12-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தான் வழக்கம், மறுப்பதுதான் விதிவிலக்கு. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஆபத்து, நீதி கெட்டுப்போகும் என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும்தான் மறுக்கலாம். அதையும் எழுத வேண்டும். ஆகவே "எங்க பையன் நல்லவன் சாஹேப்" என்று அழுவதைவிட, அவன் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள், பள்ளியா வேலையா என்று காட்டும் ஒரு கடிதம் அதிகம் பேசும்.

ஜாமீன் கிடைத்தும் பையன் உள்ளேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜாமீன்தாரர் வேண்டும், அவருக்கு ரேஷன் கார்டு வேண்டும், ரூம் பேப்பர் வேண்டும். வாடகை ரூமில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்? சட்டம் 'ஜாமீன்தாரரோடு அல்லது இல்லாமல்' என்றுதான் சொல்கிறது. நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லை என்றால் அதை மாற்றுவதற்காகப் பையனைத் திரும்ப போர்டு முன் கொண்டுவர வேண்டும். எட்டாம் நாள் காலை வாசலில் நின்று இதைக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

வாசலில் நிற்கும் ஆட்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வக்கீல் இலவசம். மராத்தி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் தருவதும் போர்டின் கடமை. வெட்கப்படாமல் "தமிழ்தான் தெரியும்" என்று சொல்லுங்கள். புரியாத பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) கையெழுத்துப் போட்ட அப்பாக்களின் கதை என்னிடம் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது.

வெளியே வந்ததும் பையனை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவது நம் பழக்கம். போர்டிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஒரு தேதி தவறினால் கிடைத்த ஜாமீனும் போய்விடும்.

"ஒத்துக்கோ, விட்டுடுவாங்க"

இதைப் போலீஸும் சொல்லும், சொந்தக்காரரும் சொல்வார், சில சமயம் களைத்துப்போன வக்கீலே சொல்வார். சிறு குற்றத்தில் விசாரணை முதல் ஆஜரிலிருந்து நாலு மாதத்தில் முடிய வேண்டும். நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியவில்லை என்றால் வழக்கே முடிந்துபோகும். செய்யாததை ஒத்துக்கொள்ளும் முன் காலண்டரைப் பாருங்கள்.

16 வயது தாண்டிய பையன்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் என்றால், பெரியவனாக விசாரிக்கலாமா என்று போர்டு மூன்று மாதத்துக்குள் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். கத்தி எடுத்த எல்லா வழக்கும் இதில் வந்துவிடாது. கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, அதனால் அது இந்த வகையில் சேராது. ஆனால் காதல் வழக்கு வரலாம். 17 வயதுப் பையன், 17 வயதுப் பெண், பெண் வீட்டார் புகார் என்றால் அது போக்சோ. பெண்ணின் சம்மதம் அங்கே செல்லாது. வக்கீல் இல்லாமல் பையனை அந்த மதிப்பீட்டில் பேசவிடாதீர்கள்.

முகம்

பையனின் பெயர், முகம், பள்ளி, வீடு எதையும் வெளியிடக் கூடாது. 74-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷன் வாசலில் வீடியோ எடுக்கும் யூடியூப்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். என் எடிட்டரே முதல் மாதத்தில் "தெரு பேராவது போடலாமே" என்றார். நம் சந்தில் தெரு பேர் போட்டால் பையன் பேர் போட்ட மாதிரிதான். "என் மகனைக் காணவில்லை, உதவுங்கள்" என்று போட்டோவோடு குரூப்பில் போடும் பெற்றோரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அந்தப் போட்டோ அவன் வேலைக்குப் போகும் வயதிலும் சுற்றும்.

வழக்கு முடிந்தபின் இந்தப் பதிவைக் காட்டி நன்னடத்தைச் சான்றைக் கெடுக்கக் கூடாது, வேலைக்குத் தகுதியில்லை என்றும் சொல்லக் கூடாது. ஆனால் கல்ஃபுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கும்போது கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு மூலையில் அது எட்டிப் பார்க்கும். அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல். முடிந்த வாரத்திலேயே இரண்டு நகல் வாங்குங்கள். ஒன்றை ஊரில் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் வையுங்கள், மழைக்காலத்தில் தாராவி ரூமில் காகிதம் தங்காது.