அக்யூட் என்றால் முற்றியது அல்ல

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் வேறொரு ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ‘அக்யூட் கிட்னி இன்ஜுரி’ என்ற வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. “முத்திப்போச்சுன்னு போட்டிருக்காங்க டாக்டர். டயாலிசிஸ்தானா?” என்றான்.

நடந்தது நான்கு நாள் வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.8 வரை ஏறியிருக்கிறது. டிரிப்ஸ் போட்டதும் இறங்கி, என்னிடம் வந்த அன்று 1.4.

அதே வாரம் நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ரிப்போர்ட்டில் ‘கிரானிக் கிட்னி டிசீஸ்’, கிரியேட்டினின் 2.1. “கிரானிக்னா பழசுதானே சார், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது” என்று சிரித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது இவரைப் பார்த்துத்தான்.

அக்யூட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கூர்மை என்று பொருள். கிரானிக்கின் கிரேக்க வேர் காலம். மருத்துவத்தில் முன்னது திடீரென வந்தது, பின்னது நாள்பட்டது. நோய் எவ்வளவு கடுமை என்பதை இரண்டுமே சொல்வதில்லை. மாரடைப்பும் அக்யூட்தான், மூன்றே நாளில் போகும் சளியும் அக்யூட்தான்.

சிறுநீரகத்தில் இந்த வித்தியாசம் பெரிது. திடீர்ப் பாதிப்பைச் சீக்கிரம் கவனித்தால் பலருக்குச் சரியாகிவிடும். மழைக்காலத்தில் வயலில் இறங்கி எலிக்காய்ச்சல் வந்தவர்கள் அப்படித் தேறி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தாமதித்தால் அதுவும் உயிருக்கு ஆபத்து, மறுக்கவில்லை. நாள்பட்டது வலிக்காது, உள்ளுக்குள்ளேயே அரிக்கும். போனது பெரும்பாலும் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் கிரானிக் என்போம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து அதைச் சொல்வது கஷ்டம். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருந்தால் ஒரு துப்பு. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் சுருங்காமலே இருக்கும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு நச்சரிக்கிறேன். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு வந்து “அப்போ நார்மல்னாங்க சார்” என்றால் நான் எதை நம்புவது?

நெல்லிக்குப்பத்து அம்மாவின் மகள் மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை அட்டைகள்தான் பாதிப் பை. அடியில், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குள் மடிந்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட். கிரியேட்டினின் அப்போதே ஏறி 1.6. பக்கத்தில் யாரோ டிக் அடித்திருந்தார்கள்.