'பிளக்': கொழுந்திலிருந்து ஈரக்குலை வரை

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்ட ஆபிசுகளில் 'பிளக்கிங்' (plucking) என்ற ஆங்கிலச் சொல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், நிற்கும் தொழிலாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. "கொழுந்து எடுக்கப் போறோம்" என்பார்கள், இல்லாவிட்டால் "கொழுந்து பறிக்க".

'பிளக்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினை. டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் இதற்குப் பங்காளிகள் உண்டு. பேச்சு லத்தீன் வழியாக, முடியைக் குறிக்கும் 'பிலுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. அப்படியானால் முதலில் அது மயிர் களைவதுதான். கோழிக்கு இறகு பிடுங்குவதையும் புருவத்து முடி எடுப்பதையும் ஆங்கிலம் இன்றும் இதே வினையால் சொல்கிறது.

தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைச் சாய்த்தது. கோப்பிப் பழத்துக்கு ஆங்கிலத்தில் 'பிக்', தேயிலைக்கு 'பிளக்'. இரண்டும் பறிப்பதுதான், ஆனாலும் தோட்ட ஆங்கிலம் அவற்றை மாற்றிப் போடுவது அரிது.

தமிழில் இதற்கு ஒரு வினை போதாது. கீரையைக் கிள்ளுகிறோம், பூவைக் கொய்கிறோம், இறகைப் பிடுங்குகிறோம், தந்தியை மீட்டுகிறோம். யாழ்ப்பாணத்தில் மாங்காயை 'ஆய்வார்கள்'. 'பறி' என்பதோ பூவுக்கும் வரும், வழிப்பறிக்கும் வரும், குழி பறிக்கவும் வரும். கொழுந்து விஷயத்தில் கை செய்வது மென்மையான வேலை: இரண்டு இலையும் மொட்டும் சேர்ந்த தளிரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து ஒடித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடையில் போடுவது. 'தேயிலை கொய்தல்' என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லைதான், ஆனால் மலையில் யாரும் தேயிலையைக் கொய்வதில்லை. 'கொழுந்து பறித்தல்' என்றே எழுதலாம். செடி தேயிலை, கைக்கு வருவது கொழுந்து என்ற வேறுபாடும் அதில் நிற்கும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது 'பிளக்' இறைச்சிக் கடைக்குப் போய்விடுகிறது. அறுத்த ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுப்பதால் அந்தக் கொத்துக்கே அந்தப் பெயர். நாம் சொல்லும் ஈரக்குலை அதுவேதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குத்துச்சண்டைக்காரர் பேச்சில் அது துணிச்சல் என்ற பொருளை எடுத்துக்கொண்டது. தமிழன் ஈரக்குலை நடுங்கத்தான் செய்யும், வெள்ளைக்காரனுக்கோ அதே உறுப்பு வீரத்தின் இருப்பிடம். நமக்கு அந்த வேலையை நெஞ்சு பார்க்கிறது: நெஞ்சுரம் என்கிறோம். பயந்தால் குடலும் கலங்குகிறது.

பரீட்சையில் தேறாதவரை 'பிளக்' ஆனவர் என்று சொன்ன காலமும் ஆக்ஸ்போர்டில் உண்டு, இப்போது வழக்கொழிந்துவிட்டது.

'pluck up courage' என்று துணிவோடு சேர்ந்து 'பிளக்' வினையாக வருமிடத்தில்தான் மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பொருள் மனதைத் திடப்படுத்திக்கொள்வது. அகராதியைப் பார்த்து 'தைரியத்தைப் பறித்தான்' என்று போட்டால், இன்னொருவனுடைய தைரியம் போய்விட்டதாக ஆகிவிடும்.