வடை பொரிச்ச எண்ணெய் ஐரோப்பாவுக்கு போறப்போ கூடவே போற பேப்பர்

ஐரோப்பால ஓடுற பயோடீசல்ல ஒரு நல்ல பங்கு ஹோட்டல்ல பொரிச்சு முடிச்ச பழைய எண்ணெய்லேர்ந்து வருது, அதுலயும் நிறைய ஆசியாலேர்ந்து கப்பல் ஏறி போறதுதான். டேங்கர்ல வந்து நிக்கிறது நிஜமாவே பொரிச்ச எண்ணெயா, இல்ல புது பாமாயிலானு எப்படி தெரியும்? லேப்ல பாத்துடுவாங்கனு நினைப்போம், ஆனா பயோடீசலா மாத்துனப்புறம் அது ரொம்ப கஷ்டம். கார்பன்-14 டெஸ்ட் இருக்கு, அது சொல்றது செடிலேர்ந்து வந்ததா பெட்ரோலியத்துலேர்ந்து வந்ததானு மட்டும்தான், அதுல வடை சுட்டாங்களாங்கிறது அதுக்கு தெரியாது. அதனால எல்லாமே பேப்பர்தான்.

அந்த பேப்பருக்கு இருக்குற மதிப்பு சாதாரணம் இல்ல. ஐரோப்பிய யூனியன் சட்டத்துல ஒவ்வொரு எரிபொருளுக்கும் டீசலோட ஒப்பிட்டா எவ்வளவு கார்பன் மிச்சம்னு ஒரு டிஃபால்ட் கணக்கு இருக்கு. பழைய சமையல் எண்ணெய்க்கு 84 சதவீதம். பாமாயில் மில்லோட கழிவுநீர் குட்டை மூடாம கிடந்தா (மீத்தேன் பூரா மேல போயிடும்) அந்த பாமாயிலுக்கு வெறும் 20 பக்கம்தான். 2021லேர்ந்து ஆரம்பிச்ச பிளான்ட்ல செய்யுற எரிபொருள்னா 65 சதவீதமாவது தேறணும். பழைய எண்ணெய் கழிவுங்கிறதால மரம் வளர்த்த நிலம், போட்ட உரம் எதுவும் அதோட கணக்குல ஏறாது, கலெக்ட் பண்ற இடத்துலேர்ந்துதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு நாடுகள் தங்களோட டார்கெட்ல இதை ரெண்டு மடங்கா எண்ணிக்கலாம். அதனால சில சமயம் பொரிச்ச எண்ணெய் புது பாமாயிலை விட கூட விலைக்கு போகுது, இப்படி இருந்தா எவனுக்குதான் கை அரிக்காது?

இதை கண்காணிக்கிற சர்டிபிகேட்ல பெரியது ஐஎஸ்சிசி, ஜெர்மனில 2010ல ஆரம்பிச்சது, 2011ல ஐரோப்பிய கமிஷன் அங்கீகாரம் குடுத்துச்சு. கலெக்ட் பண்றவர், டிரேடர், பிளான்ட்னு சங்கிலில இருக்குற எல்லாரும் சர்டிபிகேட் வாங்கணும், வருஷா வருஷம் ஆடிட் நடக்கும். ஒவ்வொரு லோடுக்கும் என்ன பொருள், எந்த நாடு, எத்தனை டன், எவ்வளவு கார்பன்னு ஒரு டிக்ளரேஷன் கூடவே போகும்.

இதுல நிறைய பேர் குழம்புற இடம் மாஸ் பேலன்ஸ். ஒரே டேங்க்ல பொரிச்ச எண்ணெய்லேர்ந்து வந்த 100 டன் பயோடீசலும் பாமாயில்லேர்ந்து வந்த 300 டன் பயோடீசலும் கலந்து கிடக்கலாம், தப்பில்ல. வெளிய போறப்போ 100 டன்னை மட்டும் "பழைய எண்ணெய்"னு பேப்பர் போட்டு விக்கலாம், அதுல நிஜமா எந்த சொட்டு இருக்குனு யாரும் கேக்க மாட்டாங்க. பேங்க்ல போட்ட அதே நோட்டையா திருப்பி எடுக்குறோம், அது மாதிரி. அதிகபட்சம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கை முடிக்கணும், வந்ததை விட போனது கூட இருக்கக்கூடாது.

ஆடிட்டர் கையில இருக்குற ஆயுதமும் இந்த கூட்டல் கழித்தல்தான். 100 கிலோ எண்ணெயோட சுமார் 10 கிலோ மெத்தனால் சேர்ந்தா கிட்டத்தட்ட 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் வரும். 100 டன் எண்ணெய் வாங்கி 130 டன் பயோடீசல் வித்ததா லெட்ஜர் சொன்னா மாட்டிக்கிட்டாங்க. ஆனா உள்ள வர்றப்பவே பாமாயில் பொரிச்ச எண்ணெய் பேர்ல வந்திருந்தா? கணக்கு அழகா டேலி ஆகும். என்னைக் கேட்டா மொத்த ஓட்டையும் இங்கதான். மாசம் 10 டன்னுக்கு மேல கழிவு வர்ற இடத்துக்குதான், அதுவும் சாம்பிள் எடுத்து, ஆடிட்டர் நேர்ல போகணும். எந்த டீக்கடைலங்க மாசம் 10 டன் எண்ணெய் மிஞ்சும்? அவங்க ஒரு சுய உறுதிமொழில கையெழுத்து போட்டா போதும்.

நம்ம ஊர்ல உணவு பாதுகாப்பை பாத்துக்குற எஃப்எஸ்எஸ்ஏஐ 2018ல, எண்ணெய்ல டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் (திரும்ப திரும்ப சூடு பண்றப்போ எண்ணெய் கெட்டு உருவாகுற பொருட்கள்) 25 சதவீதத்தை தாண்டுனா அதுல சமைக்கக்கூடாதுன்னு சொல்லி, அதை பயோடீசலுக்கு அனுப்ப ரூகோனு ஒரு திட்டமும் கொண்டுவந்துச்சு. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிற கடைங்க ரெஜிஸ்டர் வைக்கணும்னும் ரூல் இருக்கு. ஒரு ஊர்ல எவ்வளவு எண்ணெய் நிஜமா மிஞ்சும்னு சரிபாக்க இந்த மாதிரி ரெஜிஸ்டர் உதவும். ஐரோப்பா 2024 ஜனவரில யூனியன் டேட்டாபேஸ்னு ஒண்ணை திறந்து ஒவ்வொரு கைமாத்தலையும் அதுல ஏத்த சொல்லுது, ஒரே லோடை ரெண்டு பேருக்கு விக்கிறதை அது பிடிச்சிடும், ஆனா முதல் கடைல எவ்வளவு எண்ணெய்னு எழுதுற கணக்கை இன்னமும் அங்க இருக்குறவங்கதான் சொல்லணும்.