ஆராய்ச்சிப் பணத்தில் ஷெட் போடாதீர்கள்

"ஃபண்டு வந்துருச்சுங்க சார். மிஷினும் வாங்கியாச்சு, பில்லெல்லாம் பக்காவா இருக்குது. யூ.சி.ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

மார்ச் நெருங்கினால் ஆடிட்டர் அலுவலகங்களில் கேட்கும் வசனம் இது. இந்த முறை வந்தவர் ஈரோட்டுப் பக்கம் சிறு நிறுவனம் நடத்துகிறார். சாயக்கழிவு நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் புது முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க அரசு ஆராய்ச்சி நிதி வாங்கியிருந்தார். ஒப்புதல் ஆணையில் இருந்தவை மாதிரிக் கருவி, டையிங் யூனிட்டில் கள ஓட்டம், வெளி ஆய்வகத்தில் பரிசோதனைக் கட்டணம். நடந்திருப்பதோ கசடு வடிகட்டும் ஒரு ஃபில்டர் பிரஸ், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். மிச்சப் பணம் நிறுவனத்தின் சி.சி. கணக்கில், அதாவது வங்கியின் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் விழுந்து, பழைய பாக்கியில் கரைந்துவிட்டது. மனிதர் திருடவில்லை. பில்கள் எல்லாம் அசல். ஆனாலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. யூ.சி. எனும் பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் செலவானதா என்று மட்டும் கேட்பதில்லை. ஒப்புதல் தந்த காரியத்துக்குச் செலவானதா என்று கேட்கிறது.

இப்படி ஒரே ஒரு கோப்பு வந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பிரச்சினையின் வேர் எனக்குத் தெரியும். கொங்குப் பக்கத்துத் தொழில்முனைவோருக்கு அரசுப் பணம் என்றால் மாவட்டத் தொழில் மையம்தான். புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் போன்ற திட்டத்தில் வங்கிக் கடன் வாங்கி, எந்திரம் இறக்கி, உற்பத்தியைத் தொடங்கினால் 25 சதவீதம் மூலதன மானியம் கிடைக்கும். அங்கே எந்திரம் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தோடே ஆராய்ச்சி நிதிக்கும் விண்ணப்பிக்கிறார்கள். கொட்டேஷன் கட்டு இரண்டு அங்குலம் தடிமன். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் அரைப் பக்கம்.

ஆராய்ச்சி நிதி எந்திரத்துக்கு வரும் பணம் இல்லை. விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேட வரும் பணம். விடை ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதாவது அந்த எந்திரம் நாலு யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் போக வேண்டிய இடம் வங்கி. 2021-இல் 945 கோடி ரூபாயோடு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் நெறிமுறையையே பாருங்கள். கருத்தை நிரூபிக்க, மாதிரி செய்ய, சோதனை ஓட்டம் பார்க்க 20 லட்சம் வரை நிதியுதவி. சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை உண்டு, ஆனால் அது கடனாகவோ மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோதான் வரும். கட்டமைப்பு உருவாக்க இந்தப் பணத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஷெட் என்பது கட்டமைப்பு. தகரக் கூரையாக இருந்தாலும் கட்டமைப்புதான்.

கேள்விக்கு நம்மூரில் பஞ்சமா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியது. ஆர்.ஓ. ஓட்டுகிறோம், எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம், கடைசியில் கலப்பு உப்பு மலைபோல் தேங்குகிறது. குளோரைடும் சல்பேட்டும் கலந்து கிடப்பதால் திரும்பச் சாயத் தொட்டியில் போட முடிவதில்லை. மழையில் நனைய விடவும் முடியாது. இதைக் குறைந்த செலவில் பிரிக்க முடியுமா என்பது அருமையான ஆராய்ச்சிக் கேள்வி. என்னிடம் வந்தவர் கையில் வைத்திருந்ததும் இதே கேள்விதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு பயமும் இதற்குள் இருக்கிறது. "சோதனை ஊத்திக்கிச்சுன்னா பணத்தைத் திருப்பிக் கட்டணுங்களே, மிஷினாவது மிஞ்சட்டும்." யார் சொன்னது? ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து, கணக்கும் சரியாக இருந்து, முறை வேலை செய்யவில்லை என்று அளவீடுகளோடு அறிக்கை தந்தால், தோற்ற குற்றத்துக்காக யாரும் நிதியைத் திருப்பிக் கேட்பதில்லை. வேறு காரியத்துக்குச் செலவழித்தால்தான் கேட்பார்கள், பெரும்பாலும் வட்டியோடு. அளவீட்டைத் திருத்தி எழுதி வெற்றி காட்டுகிறவர்களும் உண்டு. அடுத்த தவணைக்கு முன் நிபுணர் குழு கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது கிழிந்துவிடும்.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு.

தனி வங்கிக் கணக்கு திறங்கள். சி.சி. கணக்கில் நிதியை விடவே விடாதீர்கள், வங்கி அதை விழுங்கிவிடும். மத்திய அரசு நிதியில் வட்டி கிடைத்தால் அது உங்களுடையதல்ல. 2017 பொது நிதி விதிகளின்படி இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்குத் திரும்பிப் போக வேண்டும். பொருள் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக ஒருபக்கம் எடுத்துக்கொண்டு, அதே வரியைச் சேர்த்த முழுத் தொகையைத் திட்டச் செலவில் எழுதாதீர்கள். ஒரே பில்லை இரண்டு திட்டத்தில் காட்டாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வருகிறதே!

ஆணையில் உள்ள செலவுத் தலைப்புகளை மாற்றவே முடியாது என்றும் இல்லை. கருவி விலை ஏறிவிட்டது, பயணத்துக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சுகிறது என்றால் செலவழிப்பதற்கு முன்னால் நிதியைத் தந்த இன்குபேட்டருக்கோ (ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையம்) துறைக்கோ எழுதிக் கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். செலவழித்துவிட்டுக் கேட்டால் அது அனுமதி இல்லை, மன்னிப்பு.

வரி பற்றி ஒரு வார்த்தை. அரசு கொடுத்த பணத்துக்கு வரி இல்லை என்ற நம்பிக்கையை யார் பரப்பினார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு நமஸ்காரம் போட வேண்டும். 2015 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிறுவனம் வாங்கும் அரசு மானியமும் நிதியுதவியும் வருமானக் கணக்கில்தான் வரும். சொத்தின் வாங்கிய விலையில் கழிக்கப்படும் பகுதிக்கு விலக்கு உண்டு. திட்டச் செலவை அதே ஆண்டில் எழுதினால் பாரம் பெரிதாக இருக்காது. பணம் பிப்ரவரியில் வந்து, செலவு ஜூலையில் நடந்தால் சிக்கல். தவணை வரும் தேதியை முன்கூட்டியே உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

முதலிலேயே பெரிய தொகையைக் குறிவைக்கவும் வேண்டாம். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் புத்தாக்கச் சீட்டில் (இன்னோவேஷன் வவுச்சர்) முதல் நிலைக்கு 2 லட்சம், அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸில் மாதிரி செய்ய 10 லட்சம் வரை. கழிவை நுண்ணுயிர் வைத்துச் சுத்தம் செய்வது போன்ற யோசனை என்றால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிறுவனமான பைராக்கின் 'பிக்' நிதியில் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. சின்னத் தொகையில் ஒழுங்காகக் கணக்குக் காட்டிய கோப்பு, பெரிய தொகைக்குப் போகும்போது உங்களுக்காகப் பேசும். ஆனால் வாங்கியதை மறைக்காதீர்கள்: மற்ற அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பெற்றிருந்தால் விதை நிதித் திட்டத்தில் தகுதி போய்விடும்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் கண்காட்சியில் போய் முறையை விளக்காதீர்கள். தற்காலிக விவரக் குறிப்போடு ஆன்லைனில் தாக்கல் செய்ய ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம்.

கடைசியாக, "பத்து பர்சன்ட் குடுங்க, சாங்ஷன் வாங்கித் தர்றேன்" என்று வருகிறவர்கள். விதை நிதித் திட்டத்தில் இன்குபேட்டர்கூட விண்ணப்பதாரரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்பது விதி. விண்ணப்பம் எழுத உதவியவருக்கு எழுதிய கூலியைக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். சதவீதம் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு அதை 'கன்சல்டன்சி' என்று திட்டச் செலவில் எழுதி என்னிடம் கொண்டுவராதீர்கள். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துத்தான் திருப்பித் தருவேன்.